"அத்தை என்னைத் திருடின்னு சொல்றாங்க": வாசகர் கேள்வி, சிஸ்டர் பதில்

மறதி நோய் (டிமென்ஷியா) பத்தி கேக்கணும்னா எழுதுங்கன்னு போன மாசம் இந்தப் பக்கத்துல ரெண்டே வரி போட்டிருந்தேன், ஒரு கட்டு கடுதாசி வந்திருக்கு, அதுக்கு மேல வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். கடலூர், பாண்டி, நெல்லிக்குப்பம்னு எல்லாம் நம்ம பக்கத்து ஊருங்கதான். எழுதினவங்கள்ல ஒரே ஒரு ஐயாவைத் தவிர அத்தனை பேரும் பொம்பளைங்க, அவங்க எழுதியிருக்கறதும் அம்மா, அத்தை, ஆயா பத்திதான். நான் டாக்டர் இல்ல, முப்பது வருஷம் வார்டுல நர்ஸா இருந்தவ, அப்புறம் என் மாமியாரை இந்த நோயோட ஏழு வருஷம் வீட்ல வெச்சுப் பாத்தவ. அந்த அளவுக்குத்தான் சொல்றேன். மருந்து மாத்திரை முடிவெல்லாம் உங்க டாக்டர்கிட்டதான்.

கேள்வி: சிஸ்டர், என் மாமியாருக்கு 74 வயசு. ஒரு வருஷமா எதைக் காணோம்னாலும் நான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க. மொதல்ல கண்ணாடி, அப்புறம் பென்ஷன் பணம், இப்ப அவங்க ஜிமிக்கி. பூக்காரம்மா வரைக்கும் சொல்லிட்டாங்க. சென்னைல இருக்கற நாத்தனார் போன் பண்ணி "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்களே"ன்னு கேக்கறாங்க, வீட்டுக்காரர் வாயே திறக்கல. 22 வருஷமா இந்த வீட்ல இருக்கேன். ராத்திரி அழுதுட்டு காலைல எழுந்து அவங்களுக்கே காபி போட்டுக் குடுக்கறேன். (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: தங்கச்சி, நீங்க எடுக்கல. இதை யாராவது சொல்ல மாட்டாங்களான்னு ஒரு வருஷமா இருந்திருப்பீங்க, அதனால மொதல் வரியிலயே எழுதிட்டேன்.

ஆனா அத்தையும் பொய் சொல்லல. ஜிமிக்கியை பத்திரமா வைக்கணும்னு அவங்களேதான் எங்கேயோ வெச்சிருக்காங்க, வெச்சது மனசுல பதியவே இல்ல. பழைய இடத்துல போய் பாக்கறாங்க, அங்க இல்ல. நகை தானா நடந்து போகாது, வீட்ல பகல் பூரா இருக்கறது யாரு, நீங்க. அவங்களுக்கு கிடைக்கற ஒரே விடை அதுதான். பழி எப்பவும் பக்கத்துல இருக்கறவங்க மேலதான் விழும், சென்னைல இருக்கற பொண்ணு மேல விழாது. அதே பொண்ணு கூட இருந்து பாத்தா அவங்க மேலயே விழும், பெத்த பொண்ணை "இவ யாரோ திருட வந்திருக்கா"ன்னு சொன்ன அம்மாவை எல்லாம் வார்டுல பாத்திருக்கேன்.

மறதி நோய்ல ஒரு வகைக்கு அல்சைமர்னு பேர் வந்துச்சே, அந்த டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் ஜெர்மனில ஃபிராங்க்ஃபர்ட் ஊர்ல 1901ல பாத்த மொதல் நோயாளியே ஒரு பொம்பளதான், ஆகுஸ்ட டேட்டர்னு பேர், 51 வயசு. அந்தம்மாவுக்கு மறதிக்கு முன்னாடி வந்தது சந்தேகம், புருஷன் மேல. வீட்டு சாமானை இங்க இருந்து அங்க தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வெப்பாங்கன்னு 1907ல அவர் எழுதின கட்டுரையிலயே இருக்கு. அதனால உங்க வீட்ல நடக்கறது அத்தையோட கெட்ட குணமும் இல்ல, உங்க தலையெழுத்தும் இல்ல, காய்ச்சல்னா உடம்பு சுடற மாதிரி இது இந்த நோயோட ஒரு அறிகுறி.

"நான் எடுக்கல"ன்னு வாதாடாதீங்க, ஜெயிக்கவே முடியாது, அவங்க இன்னும் மிரளுவாங்க. "ஐயோ ஜிமிக்கியைக் காணோமா அத்தை, வாங்க சேந்து தேடலாம்"னு கூடவே எழுந்துக்கோங்க. அரிசி டின், விளக்கு மாடம், தலையணை உறை, பழைய புடவை மடிப்பு, இங்கெல்லாம் பாருங்க, குப்பைக்கூடையைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையை விட்டுப் பாருங்க. கிடைச்சா நீங்க எடுத்து நீட்டாதீங்க, "பாத்தியா, நீதான் வெச்சிருந்த"ன்னு அதுவே சாட்சியாயிடும். அவங்க கை படற மாதிரி வெச்சுட்டு அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க, அந்த முகத்துல வர்ற சந்தோஷத்தைப் பாத்தா உங்க அழுகை கொஞ்சம் குறையும். நெஜத் தங்கத்தை வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்து, குடும்ப குரூப்ல போட்டுட்டு லாக்கருக்கு அனுப்பிடுங்க. அத்தைக்கு அதே மாதிரி கவரிங்ல வாங்கிக் குடுங்க, ரெண்டு ஜோடியா வாங்குங்க.

நாத்தனாரைப் பத்து நாள் வந்து இருக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் போதாது, ஏன்னா விருந்தாளி வந்தா இந்த நோய்க்காரங்க ரெண்டு நாள் அருமையா பேசுவாங்க, மூணாவது நாள்தான் உள்ள இருக்கறது தெரியும். அந்தப் பத்து நாளும் நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்க. கூப்பிட வேண்டியது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். அவங்க அம்மாவோட நோயை அவங்க தங்கச்சிகிட்ட சொல்றது அவரோட வேலை. அவர் வாய மூடிட்டு இருக்கறது எனக்கு உங்க அத்தை சொல்றதை விட அதிகமா வலிக்குது, இந்தப் பக்கத்தை அவர் கையில குடுத்து படிக்கச் சொல்லுங்க.

இன்னும் டாக்டர்கிட்ட போகலன்னுதான் தெரியுது. ஜிப்மர்லயோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலயோ காட்டுங்க, சும்மா "வயசாச்சு"ன்னு விடாதீங்க. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, ரத்தத்துல சோடியம் (உப்பு) இறங்கறது, மனச்சோர்வு, எப்பவோ கீழ விழுந்து தலைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டறது, இதெல்லாமும் இதே மாதிரி மறதியா வரும், இதுல நெறைய சரி பண்ணக் கூடியது. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா ஸ்கேன், இதுக்கு அப்புறம்தான் டிமென்ஷியான்னு சொல்லணும். எப்ப ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க, அதுக்கு நீங்க யோசிச்சுட்டுப் போகணும். அத்தை மார்கழில புள்ளிக் கோலம் போடறவங்களா? பெரிய கோலம் போட்டவங்க திடீர்னு நாலு இழுப்போட நிறுத்திட்டாங்களா, ரசத்துல உப்பு ரெண்டு தடவை விழுந்துச்சா, பால் கணக்கு குழம்புச்சா? ஆம்பளைங்களுக்கு ஆபீஸ்ல ஒரு கணக்கு தப்பினா உடனே வெளில தெரியும், அடுப்படில தப்பினா "அம்மாவுக்கு முன்ன மாதிரி கை பக்குவம் இல்ல"ன்னு சொல்லிட்டு சாப்பிட்டுப் போயிடறோம். மருமக பொண்ணு பின்னாடியே சரி பண்ணிட்டு வர்றதால ரெண்டு மூணு வருஷம் நோய் யாருக்குமே தெரியாம ஓடிடும். அதே மாதிரி அத்தை பள்ளிக்கூடம் போகாதவங்கன்னா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் கேக்கற இங்கிலீஷ் தேதியும் நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கறதும் அவங்களுக்கு எப்பவுமே தெரியாது, அமாவாசை என்னைக்கு கிருத்திகை என்னைக்குன்னு கேட்டா சொல்லியிருப்பாங்க. படிக்காதவங்களுக்குன்னே வேற மாதிரி கேள்வி இருக்கு.

கேள்வி: வயசு 44, கல்யாணம் ஆகல, ஒரு தனியார் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. அம்மாவுக்கு 78, டிமென்ஷியான்னு சொல்லிட்டாங்க, போன வாரம் கேஸை திறந்து விட்டுட்டு பத்த வைக்க மறந்துட்டாங்க. அண்ணனுங்க ரெண்டு பேர், ஒருத்தர் லாஸ்பேட்டை ஒருத்தர் பெங்களூர். "நீ வேலையை விட்டுடு, உன் சம்பளத்தை நாங்க மாசாமாசம் போட்டுடறோம், உனக்கு என்ன குடும்பமா குட்டியா"ன்னு சொல்றாங்க. அம்மாவை நெனச்சா விட்டுடலாம்னு தோணுது. (முத்தியால்பேட்டை)

பதில்: ராஜினாமா எழுதாதம்மா. எழுதியிருந்தா கிழிச்சுப் போடு.

இது ஆறு மாசத்துல முடியற வியாதி இல்ல, எட்டு வருஷம் பத்து வருஷம் கூட ஓடும். முடியறப்ப உனக்கு 54. கையில வேலை இருக்காது, பி.எஃப். இருக்காது, அண்ணன் போடற பணம் மூணாவது வருஷம் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும். உன் அண்ணனுங்க கெட்டவங்கன்னு சொல்லல, ஆனா "உனக்கு என்ன குடும்பமா"ன்னு கேக்கறாங்களே, அம்மா உனக்கு மட்டும் குடும்பம், அவங்களுக்கு இல்லையா? உலகம் பூரா டிமென்ஷியாக்காரங்களை வீட்ல பாத்துக்கற நேரத்துல நூத்துக்கு 70 பங்கு பொம்பளைங்களோடதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்தக் கணக்குல சம்பளம் வாங்கற நர்ஸ் ஆயாம்மா எல்லாம் சேரல, உன்ன மாதிரி, மேல எழுதின தங்கச்சி மாதிரி வீட்டு ஆளுங்க மட்டும்தான்.

அண்ணனுங்க ரெண்டு பேரையும் ஒரு ஞாயித்துக்கெழமை உக்கார வெச்சு பேசு. உன் சம்பளத்தைக் குடுக்க ரெடின்னு சொன்னாங்க இல்ல, அந்தப் பணத்துல பகல்ல பாத்துக்க ஒரு அம்மாவை வைக்கலாம், நீ ஸ்கூலுக்குப் போயிட்டு வா. லாஸ்பேட்டை அண்ணன் வாரத்துல ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வந்து இருக்கணும், அண்ணி இல்ல, அண்ணன். பெங்களூர்க்காரர் லீவு போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பத்து நாள். பேசினதை அன்னைக்கே குரூப்ல எழுதிப் போட்டுடு, வாயால பேசினது காத்தோட போயிடும். பெத்தவங்களைப் பாத்துக்கறதுக்கு 2007ல ஒரு சட்டமே வந்திருக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம்னு. அதுல பிள்ளைங்கன்னா மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும்தான், கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு தனியா ஒரு வரி எங்கயும் இல்ல. கோர்ட்டுக்குப் போன்னு சொல்லல, அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு பேசு. ஏதாவது கேக்கணும்னா 14567, மூத்த குடிமக்களுக்கான உதவி எண்.

வீடு அம்மா பேர்லயா? அப்படின்னா எந்தப் பேப்பர்லயும் யாரும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க விடாத, நீயும் வாங்காத. அம்மாவுக்கு இன்னும் தெளிவு இருக்கற நாளுங்க இருந்தா, அவங்க என்ன நெனைக்கறாங்கன்னு டாக்டர் சர்டிஃபிகேட்டோட ஒரு வக்கீலை வெச்சு இப்பவே செஞ்சுடணும், பின்னாடி அண்ணன் தங்கச்சி முகம் பாக்காம போனது எத்தனையோ குடும்பம். கேஸ் விஷயம் இன்னைக்கே, நீ வெளில போறப்ப ரெகுலேட்டரைக் கழட்டி பீரோல வெச்சுட்டுப் போ. அம்மாவுக்கு அடுப்படிய மூடிட்டா மனசு உடைஞ்சுடும், அதனால வெங்காயம் உரிக்க, கீரை ஆய, பயிறு பொறுக்க குடு. சுத்தமா இல்லன்னா பரவால்ல, திரும்ப ஆஞ்சுக்கலாம்.

இன்னொண்ணு சொல்லணும். என் மாமியார் ஒரே கேள்வியை ஒரே மத்தியானத்துல அம்பது தடவை கேட்ட ஒரு நாள், நான் கையை ஓங்கிட்டேன். அடிக்கல, ஆனா ஓங்கினேன், அவங்க கண்ணு மிரண்டது இன்னைக்கும் எனக்குள்ள இருக்கு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, எனக்கு மூணு நாளா தூக்கம் இல்ல, நான் சாப்பிடவே இல்ல. உனக்கும் அப்படி ஒரு நாள் வரும், வர்றதுக்கு முன்னாடி ஆள் மாத்திக்கணும். மனசு தாங்கலன்னா 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: எங்க ஆயாவுக்கு 80 இருக்கும், மீன் வித்தவங்க. மறதி ரெண்டு வருஷமா இருக்கு, ஆனா ஒரு வாரமா ராத்திரியானா "தண்ணி வருது, புள்ளைய தூக்கு"ன்னு கத்திக்கிட்டு கதவைத் தள்ளிட்டு ஓடறாங்க. அக்கம்பக்கம் காத்து கருப்புன்னு சொல்லி மந்திரிக்க சொல்றாங்க. அம்மா அவங்க காலை கட்டிலோட கட்டலாம்னு சொல்றாங்க. (தேவனாம்பட்டினம்)

பதில்: கண்ணு, "ஒரு வாரமா"ன்னு எழுதினியே, அந்த வார்த்தைதான் முக்கியம். மறதி நோய் மெதுவாதான் இறங்கும், ஒரே வாரத்துல தலைகீழா மாறினா உடம்புல வேற ஏதோ இருக்கு. வயசான பொம்பளைங்களுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்தா காய்ச்சலே இல்லாம இப்படி குழப்பமா வரும். மலச்சிக்கல், தண்ணி குடிக்காம போறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இதெல்லாமும் காரணமா இருக்கலாம். தூக்கத்துக்குன்னு கடையில கேட்டு ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல அரிப்புக்கு சளிக்கு அவில் மாதிரி ஏதாவது? அதுவும் இவங்களுக்கு குழப்பத்தைக் கூட்டும். நாளைக்கு காலைலயே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போ, இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ. மந்திரிக்கறது அப்புறம் பாத்துக்கலாம்.

அந்தத் தண்ணி என்ன தண்ணின்னு உங்க ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி. நேத்து சாப்பிட்டது ஆயாவுக்கு நிக்காது, ஆனா அந்தக் காலை நிக்கும், இருட்டினா கடல் சத்தம் வேற கேக்கும். "அது நடந்து எத்தனை வருஷம் ஆச்சு ஆயா"ன்னு சொன்னா அவங்க காதுல ஏறாது. கையைப் புடிச்சுக்கிட்டு "நாம மேட்டுக்கு வந்துட்டோம் ஆயா, புள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்கு, எண்ணிப் பாரு"ன்னு சொல்லு. பொழுது சாயறதுக்கு முன்னாடியே லைட் போட்டுடு, நிழல் விழாம. கட்டாதீங்கம்மா, கட்டினா இன்னும் திமிறுவாங்க, விழுந்து இடுப்பெலும்பு போயிடும், அந்த வயசுல படுத்தா எழுந்திருக்கறது கஷ்டம். கதவுல அவங்க கண்ணுக்குப் படாத எடத்துல, ரொம்ப கீழயோ ரொம்ப மேலயோ ஒரு தாப்பா, ஒரு சின்ன மணி. வீட்ல ஆள் இல்லாம அவங்களை மட்டும் உள்ள வெச்சுப் பூட்டிடாதீங்க. புடவை முந்தில போன் நம்பர் தெச்சு வை. கரையில வலை பின்னறவங்க, படகுக்குப் போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வை, உங்க ஊர்ல ஆயாவைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. பகல்ல கூடையும் கொஞ்சம் மீனும் குடுத்து தரம் பிரிக்கச் சொல்லிப் பாரு, கைக்கு மறக்காது, கை ஓஞ்சாத்தான் ராத்திரி தூக்கம் வரும்.

கேள்வி: நான் மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவன், 71 வயசு. மனைவிக்கு 68, மூணு வருஷமா இந்த நோய். சமையல் கத்துக்கிட்டேன், துணி துவைக்கறேன், ஆனா குளிப்பாட்டப் போனா "யார்ரா நீ, வெளில போ"ன்னு கத்தி அடிக்கறா. 45 வருஷம் கூட வாழ்ந்தவ. (முதலியார்பேட்டை)

பதில்: ஐயா, உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். அம்மா மனசுல இப்ப அவங்களுக்கு இருபது வயசா இருக்கலாம், எதிர்ல நரைச்ச தலையோட ஒரு ஆம்பள நிக்கறார், புடவையை அவுக்கச் சொல்றார். ஞாபகம் போனாலும் மானம் போகல. அந்தக் கூச்சத்தை நாம மதிச்சா பாதி சண்டை கொறையும். முழுசா அவுக்காம, பாவாடையை மார் வரைக்கும் ஏத்திக் கட்டி, மேல ஒரு பெரிய துண்டைப் போத்தி, துண்டுக்குள்ளயே கை விட்டு துடைக்கலாம். ஸ்டூல்ல உக்கார வெச்சு, வெதுவெதுன்னு தண்ணியை மொதல்ல கால்ல ஊத்துங்க, தலையில திடீர்னு ஊத்தினா மூச்சு முட்டி பயந்துடுவாங்க. தினமும் குளிக்கணும்னு கட்டாயம் இல்ல, வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும், மத்த நாள் ஈரத்துணி. முன்னாடி ஜிப் வெச்ச நைட்டி வாங்குங்க. அந்த ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மாவை கூலி குடுத்து வரச் சொல்லுங்க.

உங்களைப் பாத்து தெருவே "ஒத்த ஆம்பள எப்படி சமாளிப்பார், ஆள் வெச்சுக்கோங்க"ன்னு சொல்லியிருக்கும், சொல்லட்டும், ஆள் வெச்சுக்கோங்க, உங்களுக்கு அது வேணும். ஆனா எனக்கு வந்த மத்த கடுதாசில ஒரு பொண்ணுகிட்ட கூட யாரும் அப்படி சொன்னதா இல்ல, எல்லாருமே "நான் சரியா பாத்துக்கலையோ"ன்னுதான் முடிச்சிருக்காங்க. உங்களுக்கு சொன்னதை அவங்களுக்கும் சொல்றேன், ஆள் வெச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கு 51. ரூமுக்குள்ள போறேன், எதுக்கு வந்தேன்னு மறந்துடுது. தெரிஞ்சவங்க பேர் வாயில வர மாட்டேங்குது. பீரியட்ஸ் நிக்கற சமயம். அம்மாவுக்கு 76 வயசுல டிமென்ஷியா வந்து நான்தான் பாத்துக்கறேன். எனக்கும் வந்துடுமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: இந்தக் கேள்வியை நானும் பல ராத்திரி என்னையே கேட்டிருக்கேன்மா. பேர் வரல, சாயங்காலம் தானா வந்துடுச்சுன்னா அது பயப்படற மறதி இல்ல. எப்பவும் போற கடையில இருந்து வீட்டுக்கு வழி தெரியல, வருஷக்கணக்கா வெச்ச சாம்பார் எப்படி வெக்கறதுன்னு நடுவுல நின்னுட்டோம், அப்படின்னாதான் உடனே காட்டணும். பீரியட்ஸ் நிக்கற நேரத்துல உடம்பு திகுதிகுன்னு எரிஞ்சு தூக்கம் கெடும், கவனம் சிதறும், பெரும்பாலும் போகப் போக சரியாயிடும். அதோட ராத்திரி அம்மாவுக்கு நாலு தடவை எழுந்துக்கறவங்களுக்கு பகல்ல ஞாபகம் எப்படி நிக்கும்? தைராய்டும் பி12ம் ஒரு தடவை பாத்துடுங்க.

அம்மாவுக்கு 76ல வந்ததுக்காக உங்களுக்கு வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையா நேரா எறங்கற வகை ரொம்ப அபூர்வம், அது 76 எல்லாம் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே வரும். நம்ம நாட்டுல 60 தாண்டினவங்கள்ல நூத்துக்கு 7.4 பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கறதா 2023ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுது, பொம்பளைங்கள்ல நூத்துக்கு 9 பேர், ஆம்பளைங்கள்ல 5.8 பேர். நாம அதிக நாள் இருக்கோம்ங்கறது ஒரு காரணம், ஆனா நம்ம அம்மாக்களை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலங்கறதும் ஒரு காரணம், சின்ன வயசுல படிக்காம போறது இந்த நோய்க்கு வழி விடுதுன்னு தெளிவா தெரிஞ்சிருக்கு. உங்க பொண்ணு படிக்கறதை நிறுத்திடாதீங்க.

2024ல லேன்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு (லேன்செட் கமிஷன்) 14 காரணத்தை சொல்லி, அதையெல்லாம் சரி பண்ண முடிஞ்சா டிமென்ஷியால 45 சதவீதம் வரைக்கும் தடுக்கலாம் இல்ல தள்ளிப்போடலாம்னு எழுதியிருக்காங்க. நம்ம வயசுக்கு அதுல முக்கியம் பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, உக்காந்தே இருக்கறது, மனச்சோர்வு. காது மந்தமும் கண் மங்கறதும் கூட அந்த 14ல இருக்கு, காது மிஷின் போட வெக்கப்பட்டு வீட்டோட முடங்கிடறாங்க பாருங்க, அதுதான் கெடுதல். உங்களுக்கு காதுல ஏதாவது குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா தள்ளிப் போடாம காட்டுங்க.

அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி பாத்து மாத்திரை குடுக்கறாங்கன்னு கடுதாசி கடைசில எழுதியிருந்தீங்க, உங்க பிபி எவ்வளவுன்னு ஒரு வார்த்தை எழுதல. அடுத்த தடவை அவங்க வர்றப்ப அம்மாவுக்குப் பாத்து முடிச்சதும் மிஷினைப் பையில வெக்க விடாதீங்க, அங்கயே உக்காந்து உங்க கையையும் நீட்டுங்க. எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.